மங்குஸ்தான் பழமும் அதன் போஷணைக் குணமும்

கனிகளின் அரசி என்று புகழப்படும் மங்குஸ்தான், மலாய்த் தீபகற்பத்தையும் அதனை அடுத்த தீவுகளையும் தாயகமாகக் கொண்டது. அது தென்னிந்தியாவிற்கு வந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும், சமவெளிக் கிராமங்களில் பெரும்பாலும் பெயரளவிலேயே அறியப்பட்டிருக்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்திற்குச் சென்றவர்களும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைச்சாலை வழியே சென்றவர்களும் அதனைக் கடைகளில் கண்டிருப்பர்.

இப்பழத்தைப் பற்றி இப்பொழுது இருவிதமான பேச்சுக்கள் பரவி வருகின்றன. அது பற்பல வியாதிகளைத் தீர்க்கவல்ல கனி என்பது ஒன்று. அதனை நட்டவர் விரைவில் செல்வந்தராவர் என்பது மற்றொன்று. முதலாவதை நம்பி நோயாளிகள் தங்கள் பொருளைச் செலவிடுகின்றனர்; இரண்டாவதை நம்பி நிலமுடையோர் தங்கள் தோட்டத்தில் பத்தாண்டுக் காலத்தையே பணயம் வைக்கின்றனர். ஆகையால் இவ்விரண்டிலும் உண்மை எவ்வளவு என்று நிலமுடையோரும், அவர்களுக்கு யோசனை கூறும் நிலையிலுள்ள கிராம அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

மரமும் கனியும்

மங்குஸ்தான் மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் விளைந்து மீன்குழம்பிற்குப் புளிப்பூட்டும் குடம்புளி மரமும் இதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்திற்கு, லாரன்ட் கார்ஸின் என்னும் இயற்கை நூல் வல்லுநரின் பெயரால், 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் கார்ஸினியா என்று பெயரிட்டார்.

மரம் என்றும் பசுமை மாறாதது. மெதுவாக வளர்ந்து கோபுரம்போல் கிளை பரப்பி நிற்பது. இலைகள் தடித்துத் தோல்போன்றிருக்கும். மரத்தின் எப்பாகத்தைக் கீறினும் மஞ்சள் நிறப் பால் கசியும். பூக்கள் சிறுகிளைகளின் நுனியில் தோன்றுகின்றன. பூ மலர்ந்து ஏறக்குறைய 100 முதல் 120 நாட்களில் காய் முதிர்கிறது.

கனி சிறிய ஆரஞ்சுப் பழத்தின் பருமனும், கருமை கலந்த ஊதா நிறமும் உடையது. தலையில் பச்சை நிறமான தடித்த இதழ்கள் மகுடம்போல் அமைந்திருக்கும். தடித்த தோலை நீக்கினால், உள்ளே வெண்பனி போன்ற சுளைகள் நான்கு முதல் எட்டு வரை இருக்கும். அவற்றுள் பெரிய சுளை ஒன்றிலோ இரண்டிலோ மாத்திரம் விதை காணப்படும். பழத்தின் அடிப்பாகத்தில் சிறு பூப்போன்ற ஓர் அடையாளம் உண்டு. அதன் இதழ்கள் எத்தனையோ, உள்ளே சுளைகளும் அத்தனையே. பழம் வாங்குவோர் அதிக இதழ்களுடைய பழத்தைத் தேர்ந்தெடுப்பின், விதையில்லாச் சிறுசுளைகள் மிகுதியாகக் கிடைக்கும்.

நம் நாட்டிற்கு வந்த வரலாறு

இம்மரம் தன் தாயகத்தினின்றும் வெளியே எளிதில் பரவவில்லை. உஷ்ணமும் ஈரமும் குன்றாத இடத்தையே நாடுவதும், விதை விரைவில் முளைப்புத்திறனை இழப்பதும் அதற்குக் காரணங்களாம். இங்கிலாந்தில் கண்ணாடி மனைக்குள் செயற்கை வெப்பமூட்டி வளர்த்த பின்னர், 1855-ஆம் ஆண்டில்தான் அங்கு அது காய்த்தது. விக்டோரியா மகாராணி இப்பழத்தைப் பழுதின்றிக் கொணர்பவருக்குப் பெரும் பரிசு அளிப்பதாகக் கூறினாரென்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு ஆதாரம் ஏதும் கிடைத்திலது. எனினும், நெடுந்தூரம் கொண்டு செல்லுதற்கு இப்பழம் எவ்வளவு அரிதென்பதை அக்கதை உணர்த்துகிறது.

நீலகிரி மலைச்சரிவில் 1871-ஆம் ஆண்டில் பர்லியாற்றிலும், 1900-ஆம் ஆண்டில் மலையடிவாரத்துக் கல்லாற்றிலும் சர்க்கார் பழப்பண்ணைகள் ஏற்படுத்தப்பட்டன. அவ்விடங்களில் மங்குஸ்தான் நன்கு காய்த்தமையால், தென்னிந்தியாவில் அதனை வளர்க்க இயலும் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. கேரளத்தில் சாலக்குடி ஆற்றுப்படுகையில் வீட்டுத் தோட்டங்களிலும், இலங்கையில் களுத்துறைப் பகுதியிலும் இது நெடுநாளாகப் பயிராகி வருகிறது. உலக வியாபாரத்தில் தாய்லாந்து தேசம் முன்னிற்கிறது. அங்கு சந்தபுரி மாகாணத்தில் பெருந்தோட்டங்கள் உள்ளன. சீனா அப்பழத்தைப் பெருமளவில் வாங்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளோ பழ ஈக்களுக்கு அஞ்சித் தாய்லாந்துப் பழத்தை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்து, கதிர்வீச்சினால் பூச்சி ஒழிக்கப்பட்ட பழத்தை 2007-ஆம் ஆண்டிலேயே அனுமதித்தன.

போஷணைக் குணம்

மங்குஸ்தான் சுளையில் நூற்றுக்கு எண்பது பங்கிற்குமேல் ஜலமே உள்ளது. 100 கிராம் சுளையில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சுமார் 15 கிராமும், புரதம் அரை கிராம் அளவும் உண்டு. கொழுப்பு மிகச் சொற்பம். அது தேகத்திற்கு அளிக்கும் உஷ்ணசக்தி ஏறக்குறைய 60 கலோரியாகும். இனிப்பும் மென்புளிப்பும் கலந்த சுவையாலும், எளிதில் ஜீரணமாவதாலும், கோடையில் தாகத்தைத் தணிப்பதாலும் இது உயர்ந்த விருந்துப் பழமாகும்.

ஆனால், ஜீவசத்துக்களைப் பொறுத்தவரை இப்பழத்தின் புகழும் அதன் உண்மை நிலையும் ஒத்திருக்கவில்லை. பல் ஈறுகளின் நலத்திற்கும், காயம் ஆறுதற்கும், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்தற்கும் வேண்டிய ‘ஸி’ ஜீவசத்து, 100 கிராம் மங்குஸ்தான் சுளையில் 1 முதல் 3 மில்லிகிராம் அளவே காணப்படுகிறது. அதே எடையுள்ள கொய்யாவில் அது 200 மில்லிகிராமை எட்டுகிறது. பப்பாளியில் சுமார் 60 மில்லிகிராம் உள்ளது. நெல்லிக்காய் இவற்றினும் மேம்பட்டது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அளவு ஏறத்தாழ 65 முதல் 80 மில்லிகிராம். அதனை ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் அளித்துவிடும். மங்குஸ்தானைக் கொண்டு அதனைப் பெறுவதெனின் இரண்டு கிலோவிற்கு மேற்பட்ட சுளையை உண்ண வேண்டும். மேலும், பழத்தின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சுளையாகும். எஞ்சியது தோலும் விதையுமே. இக்கணக்கை நோக்கின், ஜீவசத்திற்காக மங்குஸ்தான் வாங்குவது எவ்வளவு நஷ்டம் என்பது விளங்கும்.

கண்ணின் நலத்திற்கு வேண்டிய ‘ஏ’ ஜீவசத்திற்கும் மங்குஸ்தானை நம்புதற்கில்லை. அதன் வெண்சுளையில் அச்சத்தாக மாறும் மஞ்சள் வர்ணப் பொருள் மிகக் குறைவு. அதற்குப் பப்பாளியும், மாம்பழமும், முருங்கைக்கீரையுமே உரியன.

இவற்றால் மங்குஸ்தான் பயனற்ற பழமென்று கொள்ளுதல் கூடாது. ருசிக்காக உண்ணப்படும் நல்ல பழம் அது. அவ்வளவில் அதன் பெருமை குறைவற்றது. குழந்தைகளின் போஷணைக்காகக் கொல்லையில் ஒரே ஒரு மரம் வைக்க இடமுள்ளவர் கொய்யாவையோ பப்பாளியையோ வைப்பதே தக்கது.

தோலின் குணம்

மங்குஸ்தானின் மருத்துவப் புகழ் பெரும்பாலும் சுளையைப் பற்றியதன்று, தோலைப் பற்றியதாகும். கீழ்த்திசை நாடுகளில் உலர்ந்த தோலைக் கஷாயமாக்கி வயிற்றுப்போக்கிற்கும், புண்களைக் கழுவுதற்கும் பயன்படுத்தி வந்தனர். தோலில் துவர்ப்புப் பொருள் மிகுதியாக இருப்பதே அதற்குக் காரணம். அதே துவர்ப்பினால் தோல் பதனிடவும் சாயமிடவும் அது உதவியதுண்டு.

1855-ஆம் ஆண்டில் ஷ்மிட் என்னும் ரசாயன வல்லுநர், இத்தோலினின்றும் மங்கொஸ்தின் என்ற மஞ்சள் நிறப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஸாந்தோன்கள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்த அத்தகைய பொருள்கள் பல பின்னர் கண்டறியப்பட்டன. சோதனைச்சாலையில் குழாய்களிலும் சிறு பிராணிகளிலும் ஆராய்ந்தபொழுது, அவை கிருமிகளைத் தடுப்பனவாகவும், வீக்கத்தைத் தணிப்பனவாகவும் காணப்பட்டன. ஆயினும், சோதனைக் குழாயில் விளைவது மனித தேகத்திலும் அவ்வாறே விளையும் என்பதற்கில்லை. புற்றுநோயையோ நீரிழிவையோ மங்குஸ்தான் குணப்படுத்தும் என்பது மனிதரிடத்தில் நடந்த சோதனைகளால் நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே, மங்குஸ்தான் ரசம் என்றும், தோல்பொடி என்றும் புட்டிகளில் அடைத்து அதிக விலைக்கு விற்கப்படுவனவற்றை நம்பி, வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துவது ஆபத்தாகும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் வைத்தியரைக் கேளாது அவற்றை உட்கொள்ளலாகாது. இவற்றை விற்போர் கிராமங்களுக்கு வருங்கால், ஊர்த் தலைமையிலுள்ளோர் இவ்விஷயத்தைப் படிப்பறிவு குறைந்தோருக்கு எடுத்துரைப்பது பேருதவியாகும்.

ஏற்ற சீதோஷ்ணமும் நிலமும்

மங்குஸ்தான் எங்கும் விளைவதன்று. 25 முதல் 35 டிகிரி ஸென்டிகிரேட் வரையுள்ள உஷ்ணமும், எப்பொழுதும் ஈரம் நிறைந்த காற்றும், ஆண்டுக்கு 50 அங்குலத்திற்குக் குறையாத மழையும் அதற்கு வேண்டும். மழை மொத்தத்தில் போதுமானதாயினும், நீண்ட வறட்சி இடையில் நேரிடுமாயின் பாசனம் இன்றியமையாதது. உஷ்ணம் 20 டிகிரிக்குக் கீழே செல்லின் வளர்ச்சி தடைப்படும். 5 டிகிரிக்குக் கீழே மரம் பிழைப்பதரிது. கடுங்கோடையில் 38 டிகிரிக்குமேல் வீசும் அனற்காற்றும் இளஞ்செடிகளைக் கொல்லும்.

இலைமக்கு நிறைந்து, ஆழமாகவும், நீர் தேங்காமலும் உள்ள மண் சிறந்தது. ஆற்றோர வண்டல் கலந்த களிப்பாங்கான நிலத்தில் மரம் செழிக்கிறது. வெறும் மணற்பாங்கும், சுண்ணாம்பு மிகுந்த நிலமும், உவர் நிலமும் உதவா. ஆதலால், கோயம்புத்தூர் ஜில்லாவின் கரிசல் நிலத்திலோ, இராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட பூமியிலோ இதனை முயல்வது வீண். நீலகிரியின் கீழ்ச்சரிவுகள், குற்றாலத்தை அடுத்த மலைச்சாரல், கன்னியாகுமரி ஜில்லாவின் மழை மிகுந்த மலையடிவாரம் போன்ற இடங்களே ஏற்றவை.

விதையும் நாற்றும்

இம்மரத்தின் இயல்பில் ஒரு விந்தை உண்டு. இதில் ஆண் மரம் காணப்படுவதில்லை. பூக்களில் பயனுள்ள மகரந்தமும் இல்லை. மகரந்தச் சேர்க்கையின்றியே காய் உண்டாகிறது. விதையும் தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவாகிறது. எனவே விதையினின்று எழும் கன்று தாயின் குணத்தையே கொண்டிருக்கும். தோட்டத்தில் ஒரே மரம் நின்றாலும் அது காய்க்கும். ஆண் கன்று, பெண் கன்று என்று ஜோடியாக வாங்க வேண்டுவதில்லை. அவ்வாறு கூறி விற்போரிடம் ஏமாறலாகாது.

நன்கு முதிர்ந்த பழத்தின் பெரிய விதைகளையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். சதையை நீக்கிக் கழுவிய உடனே விதைத்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தின் விதை செத்துவிடும். நிழலில் வைத்திருப்பினும் சில நாட்களுக்குமேல் முளைப்புத்திறன் நில்லாது. மூன்று வாரங்களில் முளைக்கத் தொடங்கும்.

முளைத்தபின் நாற்றின் வளர்ச்சி மிக மந்தமானது. ஓரடி உயரம் வளர இரண்டாண்டுகள் செல்வதுண்டு. ஆணிவேர் நீண்டு இறங்குமேயன்றிப் பக்கவேர்கள் சிலவே. ஆகையால் வேர் சிறிது அறுபடினும் செடி பட்டுப்போகும். ஆழமான பைகளிலோ தொட்டிகளிலோ நாற்றை வளர்த்து, மண்கட்டி உடையாமல் நடுவதே முறையாகும். ஒட்டுக்கட்டிய கன்றுகள் சில ஆண்டுகள் முன்னதாகக் காய்க்கின்றன. ஆனால் அம்மரங்கள் சிறுத்து, மகசூலும் குறைந்திருக்கும்.

நடவும் பராமரிப்பும்

மழைக்காலத் தொடக்கத்தில், 30 அடிக்கு ஒன்றாகக் குழியெடுத்து, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, இரண்டடி உயரமுள்ள கன்றுகளை நட வேண்டும். இவ்விடைவெளியில் ஏக்கருக்கு 48 மரங்கள் கொள்ளும். முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நிழல் கட்டாயம் தேவை. வாழையை இடையில் நட்டால் நிழலும் கிடைக்கும், வருமானமும் வரும். தென்னந்தோப்பிலும் பாக்குத்தோப்பிலும் இடைமரமாக வைத்தல் மிகச் சிறந்த முறையாகும்.

மரத்தடியில் சருகும் தழையும் பரப்பி ஈரத்தைக் காத்தல் வேண்டும். கோடையில் தண்ணீர் தவறலாகாது. சிறுகிளைகளின் நுனியிலேயே பூ வருவதால், காய்ந்த கிளைகளை நீக்குவதன்றி வேறு கவாத்துச் செய்யலாகாது. நிலத்தை ஆழக் கொத்தின் மேல்வேர்கள் அறுபடும். களையைக் கையாற் களைவதே நன்று.

அறுவடையும் பழத்தின் குறைகளும்

நீலகிரிச் சரிவில் ஜூலை முதல் அக்டோபர் வரையிலும், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலுமாக ஆண்டில் இரு பருவங்களில் காய்ப்பதுண்டு. காய் வெளிர்பச்சையினின்று இளஞ்சிவப்புப் புள்ளி கண்டு, பின் சிவந்து, இறுதியில் கருநீலமாகும். உள்ளூர்ச் சந்தைக்கு நன்கு நிறமேறியபின் பறிக்கலாம். தூரதேசத்திற்கு அனுப்புவதாயின் சிவப்புப் புள்ளிகள் தோன்றும் சமயத்தில் பறித்தல் வேண்டும், வழியில் பழுத்துவிடும்.

பழத்தைக் கீழே விழவிடலாகாது. 10 ஸென்டிமீட்டர் உயரத்தினின்று, அதாவது அரைச்சாணுக்கும் குறைந்த தூரத்தினின்று விழுந்தாலும், அடிபட்ட இடத்துத் தோல் ஒரே நாளில் இறுகிவிடும். மரத்தை உலுக்குவதும், கோலால் அடிப்பதும், மூட்டையாகக் கட்டுவதும் மகசூலை மண்ணாக்குவனவாகும். பையும் கத்தியும் பொருத்திய தொரட்டியால் ஒவ்வொன்றாகப் பறித்துக் கூடையில் வைக்க வேண்டும். குளிரறையில் 13 டிகிரி அளவில் இரண்டு மூன்று வாரம் காக்கலாம். அதனினும் மிகக் குளிரில் வைப்பின் தோல் கல்போல் இறுகும்.

வெளியே அழகாயிருக்கும் பழம் உள்ளே கெட்டிருப்பதுமுண்டு. மஞ்சள் பால் கசிந்து சுளையைக் கசப்பாக்குவது ஒரு குறை. சுளை வெண்மை இழந்து கண்ணாடிபோல் நீர்கோத்து நிற்பது மற்றொன்று. காய் முதிரும் தறுவாயில் வறட்சிக்குப்பின் திடீரெனப் பெருமழை பெய்வது இவற்றிற்கு முக்கிய காரணம். மண்ணின் ஈரத்தை ஒரே சீராக வைத்தலும், வடிகால் அமைத்தலும் இவற்றைக் குறைக்கும்.

யாருக்கு ஏற்றது

நன்கு பராமரித்த மரமும் எட்டு ஆண்டுகளுக்குக் குறைந்து காய்ப்பதரிது. பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வருவது சாதாரணம். முதல் மகசூல் மரத்திற்கு 200 முதல் 300 பழமாகவும், பின்னர்ச் சராசரி 500 பழமாகவும் இருக்கும். 30 ஆண்டு வரை மகசூல் பெருகிக்கொண்டே செல்லும். தென்னிந்தியாவில் 20 முதல் 45 வயதுவரையுள்ள தனிமரங்கள் 2000 முதல் 3000 பழம் வரை அளித்ததுண்டு. ஆனால் அத்தகைய தனிமரத்தின் மகசூலை ஏக்கருக்கு 48-ஆல் பெருக்கி ஆதாயக் கணக்குப் போடுதல் தவறான வழியாகும்.

நிலத்தின் வருமானத்தையே ஆண்டுதோறும் நம்பியிருப்பவரும், கடன் வாங்கிப் பயிரிடுபவரும், குத்தகை நிலத்தில் உழுபவரும் மங்குஸ்தானைத் தனிப்பயிராக வைத்தல் கூடாது. கடனுக்கு வட்டி வருஷந்தோறும் ஏறும். மரமோ பத்தாண்டு மௌனமாக நிற்கும். அவ்விடைவெளியில் நிலத்தை விற்க நேரிட்டவர், தாம் வளர்த்த மரத்தின் முதற்கனியைப் பிறர் பறிக்கக் காண்பர்.

ஈரம் குன்றாத மலைச்சாரலில் தென்னை, பாக்கு, மிளகுத் தோட்டமுள்ளவரோ பயமின்றி முயலலாம். முதலில் ஐந்தாறு கன்றுகளை நட்டு, இரண்டு கோடைகள் அவை பிழைத்து நிற்பதைக் கண்டபின் எண்ணிக்கையைப் பெருக்கலாம். தோட்டத்தின் மற்ற வருமானம் குடும்பத்தைக் காக்கும். மரம் தன் காலத்தில் பலன் தரும். நூறாண்டு கடந்தும் காய்க்கவல்ல மரமாதலின், நட்டவர் மாத்திரமன்றி அவர் பேரன்மாரும் அதன் பலனைப் பெறுவர். கன்று வாங்குமுன் அருகிலுள்ள தோட்டக்கலை அதிகாரியிடம் நிலத்தின் தன்மையையும் மழையளவையும் தெரிவித்து யோசனை பெறுதல் நலம்.